ஊரைப் பாடமாக்கிய அப்பா

சுவிஸில் சோலோதுர்ன் நகருக்கு அப்பால் ஒரு மேட்டில் இருந்தது எங்கள் ஊர். ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்பு வண்டிக் கொட்டகை, மனிதர்களைவிட அதிகமான மாடுகள். தமிழர் என்று நாங்கள் ஒரு குடும்பம்தான். கால்மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடக்கூடிய அந்த ஊரை அப்பா ஒரு குளிர்காலம் முழுவதும் படித்தார்.

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். நாட்டுக்கு முன்னால் ஊர் நம்மை ஏற்க வேண்டும் என்பது இங்குள்ள முறை. ஊர்ச்சபையினர் மூவர் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். எங்கள் அகதிப் பயணப் பத்திரத்துக்குக் கனடா விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த பெரியப்பாவை அப்பா பார்த்துப் பல வருடங்கள். சுவிஸ் பாஸ்போட் இருந்தால் விசா இல்லாமலே போகலாம். எனவே ஞாயிறுதோறும் எங்களையும் பனிக்குள் இழுத்துச் சென்றார். தெருவோரத்தில் குழாயோடு இருக்கும் ஒவ்வொரு தண்ணீர்த்தொட்டியின் முன்னும் பரீட்சை நடக்கும்.

"இதில தண்ணி குடிக்கலாமோ, பிள்ளை?"

"ஓம்."

"வடிவாப் பார். குடிக்கக் கூடாதெண்டு பலகை போட்டிருக்கு. போச்சு, உனக்குப் பாஸ்போட் இல்லை."

அம்மா கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, "கலியாணம் கட்டேக்கை உங்கட ஊரைப் பற்றிக்கூட நான் இவ்வளவு விசாரிக்கேல்லை" என்றார். அப்பா மாடுகளின் இனங்களை வேலியோரம் நின்று ஆராய்ந்தபோது, வாங்கப் போகிறாரா என்று ஒரு பண்ணைக்காரப் பெண் ஆவலாகக் கேட்டாள்.

விசாரணை தீயணைப்புக் கொட்டகையின் மேல்மாடியில் நடந்தது. தலைவர் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். ஓடையின் பெயர், ஊர்ச் சின்னம், தண்ணீர்த்தொட்டிகள் என்று எதைக் கேட்டாலும், கேள்வி முடியுமுன் அப்பா பதிலை முடித்தார். எந்தத் தொட்டியின் குழாய் அடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். செயலாளர் அம்மையார் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

கோப்புகளை மூடிவிட்டுத் தலைவர் சாவகாசமாகக் கேட்டார், ஊரில் உங்களுக்கு மிகப் பிடித்த இடம் எது?

இது பாடத்தில் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தார்.

"பஸ் தரிப்பிடம்" என்றார் அப்பா ஜெர்மனில்.

கனடா என் கண்முன்னே மூழ்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி, ஏன் என்றார். அங்கே கூரை இருக்கிறது என்றார் அப்பா. மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தக் கூரைக்காகச் சபையில் தாம் பட்ட பாட்டைத் தலைவர் நெடுநேரம் சொன்னார். பிறகு எழுந்து அப்பாவின் கையைக் குலுக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு ஆறவில்லை. "காடு இருக்கு, மலை இருக்கு. உங்களுக்குப் பஸ் தரிப்பிடமோ?"

"அப்ப பொய் சொல்லச் சொல்லுறியோ?"

மூன்று வருடம் கழித்து நான் தொழிற்பயிற்சிக்குப் போகத் தொடங்கியபோது, பீல் நகரக் கடிகாரத் தொழிற்சாலைக்குப் போகும் அப்பாவுடன் முதன்முறையாக அந்தப் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். இன்னும் விடியவில்லை. நான்கு பேர் ஒவ்வொருவராக வந்து, அப்பாவின் பெயரை நான்கு விதமாகச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னார்கள். அப்பா நான்கு பெயருக்கும் மலர்ந்து திரும்பினார். ஊரில் வேறெங்கும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதின்மூன்று வயதில், அந்த மேல்மாடியில், எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் தரிப்பிடத்திலிருந்து பஸ் புறப்படும் என்பது மட்டும்தான்.