முடிச்சுகள் வெளிப்பக்கம்

காலுறையின் குதிகாலைத் திருப்பிப் பின்னும் நேரத்தில் சந்தனம் யாருக்கும் பதில் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும், வாசலில் மீன்காரர் கூவினாலும், உள்ளே கட்டிலில் கிடக்கும் மாமியார் சின்னத்தாயி “ஏட்டி, செவிடாயிட்டியா?” என்று ஏசினாலும் அவள் உதடு மட்டும்தான் அசையும். கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். காலுறையில் மற்ற இடமெல்லாம் பின்னல் வட்டமாக ஓடிவிடும். குதிகாலில் மட்டும் பாதியில் நின்று, வந்த வழியே திரும்பி, மறுபடியும் திரும்பி, ஒரு சின்னக் கிண்ணம்போலக் குழிந்து வர வேண்டும். ஒரு கண்ணி தப்பினால் கிண்ணம் கோணிவிடும். எண்ணி முடித்ததும் தலையை நிமிர்த்தி, “இப்பச் சொல்லுங்க, யாரு செத்தா?” என்பாள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். குட்டையான, தடித்த உருவம். விரல்களில் தேயிலைக் கறை ஏறி நிரந்தரமாகக் கறுத்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். “மூஞ்சியக் கழுவிட்டு வந்துருப்பாக. காலக் கழுவிருக்க மாட்டாக” என்றாள். மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் இருக்க வேலைக்குப் போகும் பெண்கள் காலில் எதையாவது சுற்றிக் கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேர் காலில் இருப்பது சந்தனம் பின்னியது.

பின்னல் ஊசி என்று அவள் வைத்திருப்பது ஐந்து குடைக்கம்பிகள். நுனிகளைத் துவைக்கிற கல்லில் உரசி மழுக்கி வைத்திருக்கிறாள். எங்கே கிடைத்தது என்றால், “கீழ கெடந்துது” என்பாள். நூலும் புதிது வாங்குவதில்லை. சந்தையில் குவித்துப் போட்டு விற்கும் பழைய ஸ்வெட்டர்களை வாங்கி வந்து பிரிப்பாள். நனைத்து, சுருக்கம் போகக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். இத்துப்போன இடங்களில் நூல் அறுந்து துண்டு துண்டாக வரும். அவற்றை முடிச்சுப் போட்டு இணைப்பாள். அதனால் அவளுடைய காலுறைகள் மெரூனில் தொடங்கி, சாம்பலில் நடந்து, பச்சையில் முடியும். உள்ளே நெடுக முடிச்சுகள் இருக்கும். கற்றுக்கொண்டது போனில். ஏதோ ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீடியோக்கள். “அந்த அம்மா என்ன பேசுதுன்னு எனக்கென்ன தெரியும்? வாய மூடி வச்சிட்டுக் கையத்தான் பாப்பேன்” என்றாள். வாயை மூடுவது என்றால் சத்தத்தைக் குறைப்பது.

நான் மீனாட்சிபுரத்துக்காரி. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, இந்த மலையில் பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போகிறேன். சின்னத்தாயி பக்கவாதத்தில் விழுந்தபோதுதான் சந்தனம் எனக்குப் பழக்கம். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு வேடிக்கை. “இந்த சிஸ்டரம்மா ‘ங்க’ போட்டுக்கிட்டே ஊசியக் குத்திப்புடுவாக, பாத்துக்கிடுங்க அத்த” என்று மாமியாரை உசுப்பிவிடுவாள். ஆனால் ஒரு விஷயத்தை ஒரு முறை சொன்னால் போதும். படுத்தே கிடப்பவருக்குத் துணியின் தையல் உடம்பில் அழுந்தினால் புண்ணாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் கிழவியின் ஜாக்கெட், பாவாடை எல்லாமே தையல் வெளியே தெரியத் திருப்பிப் போடப்பட்டிருந்தன. “பைத்தியக்காரி கணக்கா உடுத்தி வச்சிருக்கா என்னைய” என்று சின்னத்தாயி அழுதாள். “யாரு ஒங்களப் பொண்ணு பாக்க வாராக?” என்றாள் சந்தனம். கிழவிக்கு இன்றுவரை படுக்கைப் புண் வந்ததில்லை.

அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீரபாண்டியின் வீடு. எஸ்டேட் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அவர் இருமினால் இவளுக்குக் கேட்கும். இவள் மாமியாரோடு சண்டை போட்டால் அவருக்குக் கேட்கும். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

அவர் அப்போது ஜீப் ஓட்டினார். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார். பனி மூட்டம். ஒரு வளைவில் ஜீப் பாதையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த தனபால் அங்கேயே இறந்தார். தனபால் சந்தனத்தின் கணவர். வீரபாண்டியின் வலது கால் வண்டிக்கு அடியில் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பதினாறாம் நாள் அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இவள் வாசலில் உட்கார வைத்தார்கள். இவள் கதவைச் சாத்தினாள். அதற்கு முன்பு அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். அதன் பிறகு யாரிடம் பேசும்போதும் ‘ஜீப்புக்காரரு’தான்.

இப்போது அவர் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிறார். அந்தப் பக்கத்தில் வேறு குடைக்காரர் கிடையாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. மிச்சமிருக்கும் இடது பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. போன வருஷம் செருப்புக்குள் கிடந்த ஒரு சின்னக் கல்லோடு நாள் முழுக்க நடந்திருக்கிறார். தெரியவேயில்லை. அந்தப் புண் ஆற மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கட்டுப் போட்டது நான். இன்னொரு புண் வந்தால் இந்தக் காலையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார்.

டிசம்பர் வந்தால் கேரளத்தில் எந்த ஆபீசிலும் ஒரு டப்பாவில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி ‘கிறிஸ்மஸ் ஃப்ரண்டு’ எடுப்பார்கள். யாருக்கு என்ன சாமி என்றெல்லாம் பார்ப்பதில்லை. எங்கள் குழுவின் குடும்ப சங்கமம் என்ற ஒன்றுகூடலுக்கும் அப்படி எடுக்கலாம் என்றார் புதிதாக வந்திருந்த செயலாளர் ஜிதின். நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கலந்து எடுக்க வேண்டும். சீட்டில் வருகிறவரும் எடுத்தவரும் ஜோடி. அவருக்கு இவர், இவருக்கு அவர் பரிசு தர வேண்டும். கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும். ஜிதினுக்கு ஊர்க்கதை தெரியாது. சந்தனத்தின் கையில் வந்த சீட்டை உரக்க வாசித்தார். “வீரபாண்டி சேட்டன்!”

சீட்டுக் குலுக்கிய ஹாலுக்கு வெளியே அவளைப் பிடித்தேன்.

“சீட்ட மாத்திக்கலாம் கண்ணு. நாஞ் சொல்றேன் அந்தப் பையங்கிட்ட.”

“மாத்துனா நான் பயந்துட்டேன்னு ஆயிரும்லா” என்றாள். நாலடி நடந்து திரும்பி, “அவரு காலு அளவு எடுத்துட்டு வாங்க” என்றாள்.

அடுத்த வாரம் அவருக்குக் கால் சுத்தம் செய்யப் போனபோது ஒரு நூலை வைத்துக் கணுக்கால், பாதம், குதிகால் என்று முடிச்சுப் போட்டு அளந்து கொண்டுவந்து கொடுத்தேன். சந்தனம் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பார்த்தாள்.

“அந்தக் காலு?”

“எந்தக் காலு?”

“இல்லாத காலு. ஒத்தையா எப்பிடிக் குடுக்க? எதக் குடுத்தாலும் ஜோடியால்ல குடுக்கணும். அந்த மொட்டையில குளிரு ஏறாதா?”

ஏறும். அவர் அதில் பழைய துண்டைச் சுற்றி வைத்திருப்பார். மறுபடி போய் முழங்காலுக்குக் கீழே உள்ள சுற்றளவையும் நீளத்தையும் அளந்து வந்தேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும்.

அந்த மாதம் முழுவதும் அவள் கையில் அதுதான் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் பின்னினாள், மாமியாருக்குக் கஞ்சி ஆறும் வரை பின்னினாள். சுவரில் ஓர் ஆணியில் தனபாலின் பழுப்பு ஸ்வெட்டர் தொங்குகிறது. நல்ல கம்பளி, பிரித்தால் ஒரே நூலாக வரும். அதை அவள் தொடவில்லை. வழக்கமான துண்டு நூல்களைத்தான் எடுத்தாள். மேல் விளிம்பை இறுக்காமல் தளர விட்டாள். அழுத்தினால் ரத்த ஓட்டம் நிற்கும் என்று எப்போதோ நான் சொன்னது. கணுக்கால்வரை வந்ததும் காலுறையை உள்வெளியாகத் திருப்பினாள். வழுவழுப்பான முகம் உள்ளே போயிற்று. மேடும் பள்ளமுமான பின்பக்கமும், முடிச்சுகளும், நூல் நுனிகளும் வெளியே வந்தன.

“இப்பிடித்தான் போடணும். இந்த முடிச்சு ஒண்ணு போதுமே அவரு காலப் புண்ணாக்க” என்றாள்.

“பாக்கறதுக்கு நல்லா இல்லையே” என்றேன்.

“பாக்கதுக்கா குடுக்கேன்?”

அவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்டேன். மனசைத் தோண்டிக் கேட்பது என் வழக்கம் இல்லை. ஆனாலும் கேட்டேன்.

“அக்கறையா? நல்லாச் சொன்னீக போங்க. அந்தக் காலும் போச்சுன்னா பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு எப்பிடிப் போவாரு? வீட்டுக்குள்ளதான் கெடப்பாரு. சொவத்துக்கு அங்கிட்டு ராப்பகலா இருமிக்கிட்டே கெடந்தா நான் எப்பிடித் தூங்க?”

“திருப்பித்தான் போடோணும்னு நான் அவருகிட்டச் சொல்லிடறேன்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடுக்கது நான்ல்லா.”

“அப்ப நீயே சொல்லுவியா?”

குதிகாலுக்கு வந்திருந்தாள். உதடு அசைந்தது. கண்ணிகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

சங்கமத்தன்று ஹாலில் நல்ல கூட்டம். ஜோடி ஜோடியாக மேடைக்கு முன்னால் அழைத்தார்கள். ஊறுகாய் பாட்டில், பாசிமணி, துடைப்பம், ஒரு பாட்டு என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். “அடுத்தது நம்ம சந்தனம் சேச்சியும் வீரபாண்டி சேட்டனும்!” என்று ஜிதின் மைக்கில் உற்சாகமாகக் கூவியதும் ஹாலில் பேச்சு அடங்கியது. வீரபாண்டி ஊன்றுகோல்களை ஊன்றி வந்து, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்தது ஒரு கறுப்புக் குடை. பழைய துணிதான். கம்பிகள் எல்லாம் புதிதாக மாற்றிக் கட்டியவை. இரண்டு கையாலும் நீட்டினார். சந்தனம் வாங்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் தன் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தொறந்து காட்டு, தொறந்து காட்டு” என்றார் ஜிதின். வீரபாண்டி திறந்தார். பாதம் உள்ள காலுறை ஒன்று. பாதம் இல்லாத பை போன்றது ஒன்று. இரண்டிலும் முடிச்சுகள் பரு போலப் புடைத்து, நூல் நுனிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

என் பின்னால் இருந்து, அதே லயத்துச் சொர்ணத்தின் குரல் கேட்டது. “பாத்தியா, அம்புட்டுக் கோவத்தையும் முடிச்சாப் போட்டு வச்சிருக்கா. ஒத்தச் சாக்ஸும் ஒரு பையும். நாலு பேருக்கு முன்னால இப்பிடியா காலக் குத்திக் காட்டுவா?” யாரோ ‘உச்’ கொட்டினார்கள்.

வீரபாண்டி அவற்றை மடியில் வைத்து நூல் நுனிகளை ஒதுக்கிவிட்டார். பிறகு, “நல்லாருக்கு. எனக்கு இதுவே சாஸ்தி” என்றார். சொர்ணம் நினைத்ததைத்தான் அவரும் நினைத்தார் என்று குரலிலேயே தெரிந்தது. அப்படியும் அதை வைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக்கொள்ளவே முடிவு செய்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். கைதவறித் திரும்பிய துணியை நேராக்குவதுபோல, கையை உள்ளே விட்டுக் காலுறையை நிதானமாகப் புரட்டினார். வழுவழுப்பான முகம் வெளியே வந்தது. ஹால் முழுவதும் அதன் நிறங்களைப் பார்த்தது. முடிச்சுகள் அத்தனையும் உள்ளே போயின. குனிந்து, அதன் வாயை இடது கால் கட்டைவிரலுக்கு நேராகப் பிடித்தார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். சந்தனத்தின் கை என் தொடையை அழுத்தி என்னை உட்கார வைத்தது. அவள் எழுந்தாள்.

“திருப்பாதீக.”

ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். முன்னாலோ பின்னாலோ ‘அண்ணே’ இல்லை. வீரபாண்டி குனிந்தபடியே கையை நிறுத்தினார். அவள் போய் அவர் கையிலிருந்து காலுறையைப் பிடுங்கினாள். ஒரே இழுப்பில் மறுபடி உள்வெளியாக்கினாள்.

“கால விடாதீக. காலுக்குத் தெரியாது. கைய விட்டுப் பாருங்க.”

அவருக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வலது கையை மெல்ல உள்ளே விட்டார். விரல்கள் கணுக்காலைத் தாண்டின. குதிகால் கிண்ணத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தடவின. ஒரு முடிச்சும் தட்டுப்படவில்லை. அங்கேயே நின்றன.

“எந்தா சேச்சி, ஏதாவது பிரச்சினையா?” என்று ஜிதின் மைக்கில் கேட்டார். சந்தனம் காலுறையின் வாயை இரண்டு கையாலும் அகலப் பிடித்தபடி, அவர் விரல்கள் நுனிவரை போய்ச் சேருவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.