வெங்காயக் கொல்லையில் ஒரு வாலிபர் ஞாயிறு

உரக்கடையில் வேலை கிடைத்து அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. கடைக்கு ஞாயிறு விடுமுறை. முக்கியமாக இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் சபையில் என்னை வாலிபர் ஐக்கியத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். பக்தி மூன்றாவது காரணமாக இருந்திருக்கலாம். அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

ஐக்கியம் என்பது பெயரில்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தை ஒட்டிய அறையில் கூடுவோம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வேத வினாடி வினா, இன்னொரு ஜெபம். ஆமென் சொன்ன வாயோடு செருப்பை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். வருஷக்கணக்காக ஒன்றாகப் பாடியவர்களுக்கு ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். நன்றாகப் பாடுவாள். அவளுடைய அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தது, அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

“ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“யாராச்சும் கேட்டாத்தானேண்ணே சொல்றது? இங்க எந்த அதிகாரம், எந்த வசனம்னுதான் கேக்கறாங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வருஷம் எங்களுக்குத் தபேலா வாசித்தவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பாடாலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் கடைக்கு உரம் வாங்க வரும் ஒருவன், மூட்டையை ஏற்றி முடிக்கும்வரை மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே நிற்பான். வெறும் தட்டல் இல்லை, அதில் தாளம் இருந்தது.

“எங்க கத்துக்கிட்ட?”

“எங்கூரு பெருமாள் கோயில் பஜனைலண்ணே. மார்கழி முச்சூடும் விடியக்காலைல வாசிப்பேன்.”

“சாயங்காலம்?”

“சும்மாதான் இருப்பேன்.”

“எங்க சர்ச்சுக்கு வந்து வாசிக்கிறியா? கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆள் இல்ல.”

கொஞ்சம் யோசித்தான். “சாமி கும்புடச் சொல்வீங்களா?”

“சொல்லமாட்டோம்.”

“அப்ப வரேண்ணே.”

அந்த மார்கழியில் அவன் விடியற்காலையில் பெருமாளுக்கும் சாயங்காலத்தில் எங்களுக்கும் வாசித்தான். இரண்டு இடத்துக்கும் ஒரே மப்ளர்தான். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்தால் கிளம்ப வேண்டும் என்ற எங்கள் பழக்கம் அவனுக்குத் தெரியாது. பாடாலூர் பஸ்ஸுக்கு நேரம் இருக்கும், உட்கார்ந்தே இருப்பான். பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து நடுவில் வைப்பான். பிறகு ஒவ்வொருவராக விசாரிப்பான். “உங்களுக்கு எந்த ஊரு? வூட்ல யார் யாரு? அக்காவ எங்க குடுத்திருக்கு?” அவன் புதியவன், கேட்பதில் தப்பில்லை. நாங்கள் அவனுக்குப் பதில் சொன்னோம். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது காதில் விழுந்தது. அப்படித்தான் ஒருத்தியின் அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள் என்பதும், இன்னொருவனுக்கு காலேஜ் போகவே பிடிக்கவில்லை என்பதும், ஒருவனின் அண்ணன் லப்பைக்குடிக்காட்டுக் கடை ஒன்றில் வேலைக்கு இருந்து அந்த முதலாளி மூலமாகவே துபாய்க்குப் போயிருக்கிறான் என்பதும் எங்களுக்குத் தெரியவந்தன. கூட்டம் பழையபடி ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பது மட்டும் நீண்டுகொண்டே போனது. வராமல் நின்றவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். வேர்க்கடலைக்காக என்று ஆயர் சிரித்தார்.

சபைச் செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. கமிட்டியில் அவர் கேட்டார்: “அந்தப் பையன் எப்ப ஞானஸ்நானம் எடுக்கப்போறான்?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“இத்தன நாளா வரான். நாம என்ன கச்சேரியா நடத்துறோம்?”

ஆயர் என்னைப் பார்த்தார். “பேசிப் பாருங்க தம்பி. வற்புறுத்த வேணாம்.”

அடுத்த சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனிடம் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டான்.

“இது நீங்களா கேக்கறதா, கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?”

“கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“எடுக்கமாட்டேண்ணே. எனக்குப் பெருமாள் இருக்காரு. உங்க சாமி மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. நான் வரவேணாம்னா சொல்லிடுங்க, நின்னுக்கறேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டேன்.”

“நீ வா” என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போனான்.

ஆயரிடம் நடந்ததைச் சொன்னேன். “வரட்டும்” என்று மட்டும் சொன்னார். செயலாளர் அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வந்தால், பாட்டு நேரத்தில் தபேலா இருக்கும் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாடினார்.

அடுத்த வருஷம் ஆவணி கடைசியில் அவனுக்கு அடிபட்டது. டி.வி.எஸ். வண்டியில் மெயின் ரோட்டைக் கடக்கும்போது லாரி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. வலது காலில் எலும்பு முறிவு. திருச்சியில் சேர்த்திருந்தார்கள். டைப்ரைட்டிங் பெண்ணும் நானும் இன்னும் இரண்டு பேரும் பார்க்கப் போனோம். காலைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

“வெங்காயம் முத்திப்போச்சுண்ணே. தாளெல்லாம் சாஞ்சிடுச்சு. அம்மா ஒத்தையா என்ன பண்ணும்?”

அப்பா இல்லாத வீடு. அம்மாவும் அவனும்தான். சுற்றுவட்டாரம் முழுக்க அதே வாரத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலமானால் மேகம் திரண்டது. முற்றிய வெங்காயத்தின் மேல் மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். இதை உரக்கடையில் இருந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வந்த ஞாயிறு வாலிபர் ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஆராதனை முழுவதையும் வாலிபர்கள் நடத்துவது. எங்களில் ஒருவன், பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தவன், முதல் முறையாகப் பிரசங்கம் செய்ய இருந்தான். அதற்காக வாரக்கணக்கில் தயாரித்திருந்தான்.

சனிக்கிழமை கூட்டத்தில் டைப்ரைட்டிங் பெண்தான் பேச்சை எடுத்தாள். “நாளைக்கு எல்லாரும் அங்க போனா ஒரு நாள்ல பாதிக்கு மேல புடுங்கிடலாம். வெங்காயத்த அடுத்த வாரம் வச்சுக்க முடியாது. வாலிபர் ஞாயிற வச்சுக்கலாம்.”

பிரசங்கம் செய்ய இருந்தவன் எழுந்து நின்றான். “ஓய்வுநாள்ல கொல்லை வேலையா? அதுவும் சபைக்கு வாக்கு குடுத்துட்டு?”

“அவன் நம்ம ஆளு” என்றாள் அவள்.

“நம்ம ஆளுன்னு நீங்க சொல்றீங்க. அவன் இல்லன்னு சொல்லிட்டான்ல?”

அவன் சொன்னது பொய் இல்லை. பொறாமையாலும் சொல்லவில்லை. ஆனாலும் மற்றவர்கள் போவதென்று முடிவு செய்தார்கள்.

நான் ஆயர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “யாரு வரல?” என்றார். சொன்னேன்.

“அப்ப பிரசங்கத்த அவரே பண்ணட்டும். பாட்ட நாங்க பாத்துக்கறோம். நீங்க போங்க.”

காலை முதல் பஸ்ஸில் பாடாலூரில் இறங்கி ஊருக்கு நடந்தோம். அவனுடைய அம்மா கொல்லை வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எங்களை அதற்குமுன் பார்த்ததில்லை. யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

“வேணாம். போயிடுங்க.”

“வெங்காயம் புடுங்கத்தாம்மா வந்தோம்” என்றேன்.

“அதான் வேணாங்கறேன். சர்ச்சுக்காரங்க வந்து கொல்லைல எறங்குனாங்கன்னா ஊரு என்னா பேசும்? கால ஒடச்சிக்கிட்டுக் கெடக்கறவன மதம் மாத்திட்டாங்கன்னு பேசும். நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வெங்காயம் போனா போவுது.”

வந்த வழியே திரும்புவதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. டைப்ரைட்டிங் பெண் வரப்பில் ஏறி அவர் எதிரே போய் நின்றாள்.

“அம்மா, உங்க மவன மாறச் சொல்லி நாங்க கேட்டது உண்மைதான். மாட்டேன்னுட்டாரு. அப்பறமும் எங்களோட வந்து உக்காந்தாரு, நாங்களும் உக்காந்தோம். எங்க அப்பா ஒடம்பு எப்படி இருக்குன்னு வாராவாரம் கேக்கற ஒரே ஆளு அவருதான். அதுக்குத்தான் வந்தோம். வேற ஒண்ணும் இல்ல.”

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

“பாட்டு கீட்டு பாடக்கூடாது.”

“சரிங்கம்மா.”

“துண்டுக் காயிதம் யாருக்கும் குடுக்கக்கூடாது.”

“கொண்டே வரலம்மா.”

“சரி, எறங்குங்க. தாள மட்டும் புடிச்சு இழுக்காதீங்க, அறுந்துடும். அடியோட புடிங்க. இறுகுன எடத்துல களைக்கொத்து போடுங்க.”

இறங்கினோம். எங்களில் பாதிப் பேருக்கு மண் வேலை புதிது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கண்ணும் மூக்கும் எரிந்தன. ஆலயத்தில் இந்நேரம் முதல் பாட்டு முடிந்திருக்கும் என்று ஒருவன் சொன்னான். பாதையில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். “யாருடி இவங்கல்லாம்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எம் மவனோட சேக்காளிங்க” என்றார் அந்த அம்மா, நிமிராமலே.

மத்தியானம் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் வைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிடாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வது எங்களுக்குக் கை கழுவுவது மாதிரி. பாட்டு கூடாது என்றுதானே சொன்னார், இது சேருமா சேராதா என்று தெரியவில்லை. ஒருவன் கண்ணை மூடுவதா வேண்டாமா என்று திண்டாடிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார். “திங்கறதுக்கு முன்னாடி என்னமோ சொல்லுவீங்களாமே, அவன் சொல்லியிருக்கான். சொல்லிக்கங்க. சத்தமா வேணாம்.”

சத்தமில்லாமல் சொன்னோம். பிறகு குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அன்றைக்கு முழுவதும் முடியவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு ஐந்தாறு பேர் மறுபடி போனார்கள். அதில் நானும் ஒருவன். புதன்கிழமை சாயங்காலம் மழை பெய்தபோது வெங்காயம், கீற்று வேய்ந்த சேமிப்புப் பட்டறையில் காற்றாட ஏறியிருந்தது.

அந்த ஞாயிறு பிரசங்கத்தை நான் கேட்கவில்லை. நன்றாக இருந்தது என்று ஆயர் சொன்னார். பிரசங்கித்தவன் அதற்கடுத்த சனிக்கிழமை வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். காப்பி கொடுத்தான், நன்றாகப் பேசினான், வேறொரு ஐக்கியத்துக்குப் போவதாகச் சொன்னான். பிற்பாடு இறையியல் படித்துத் தெற்கே எங்கோ ஆயராக இருக்கிறான். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவான். நாங்கள் அன்று செய்தது சரி என்று அவன் இதுவரை சொன்னதில்லை. நானும் அவனிடம் அதை வாதாடியதில்லை.

கமிட்டி என்னிடம் விளக்கம் கேட்டது, கொடுத்தேன். இனி வாலிபர் ஞாயிறன்று ஐக்கியத்தார் யாரும் ஆராதனையை விட்டுப் போகக்கூடாது என்று முடிவானது. பிறகு போகவில்லை.

தபேலாக்காரனுக்குக் கால் கூடியது. ஆனாலும் சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார முடியாது. காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கப் பழகிக்கொண்டான். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கடைசிவரை அதை யாரும் மறுபடி கேட்கவும் இல்லை. எறையூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்தில் அவனுக்குப் பெண் எடுத்தார்கள். பெருமாள் கோயிலில் கல்யாணம். நாங்கள் போயிருந்தோம். டைப்ரைட்டிங் பெண் சென்னையில் வேலை கிடைத்துப் போனாள். குழுவில் புதிய முகங்கள் வந்தன.

எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது, அரியலூர் ஆலயத்தில். அவன் மனைவியோடும் அம்மாவோடும் வந்திருந்தான். அந்த அம்மா ஆலயத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திருப்பதும் உட்காருவதும் எப்போது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாராம்.

சாப்பாட்டுப் பந்தலில் என்னிடம் வந்தார். “பொண்ணு லட்சணமா இருக்கு. நல்லாருங்க. உங்க சாமியாருதான் பேசிக்கிட்டே இருந்தாரு. எல்லாருக்கும் பசிக்காதா?”