தவிட்டுக்கு விற்ற பெண்ணின் பெயர்

எழுபதுகளில் வெள்ளக்கடை பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எங்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது நிறையும் முன்பே போய்விட்டன. மூன்றாவது பெண். பிறந்த வாரமே என் மனைவி அவளைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றாள். எங்கள் வழக்கம் அது. பிள்ளை நம்முடையதல்ல என்று எமன் ஏமாந்துபோவானாம். வாங்கியவள்தான் பெயரும் வைக்க வேண்டும். சர்ச்சுக்குப் போகிற அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தவிட்டையே பெயராக வைத்து, வளர்க்கச் சொல்லி எங்களிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்து வருடம் பிள்ளையின் ஒவ்வொரு இருமலையும் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் சமயம் வேறு கவலை பிடித்துக்கொண்டது. அந்தப் பெயரோடு வகுப்பில் உட்கார்ந்தால் சிரிக்க மாட்டார்களா? நல்ல பெயர்களாக மூன்று யோசித்து வைத்தேன்.

"பேரை மாத்துனா புள்ளை நம்ம கையில நிக்காதுங்க," என்றாள் மனைவி.

சேர்க்க வேண்டிய நாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மாள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, நான் வாங்குன புள்ளைக்கு நீங்க பேரு வெக்கறீங்களாக்கும்?"

நான் சிரிக்கவில்லை.

"நல்ல பேருதான வேணும்? என் பேரையே வெய்யிங்க. என் புள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்."

மனைவி உடனே தலையாட்டினாள். எங்கள் குடும்பத்தில் ஒரு சர்ச் பெயரா?

"நாளைக்குக் கட்டிக்குடுக்க வேண்டாமா?" என்றேன்.

"அதுக்கு மொதல்ல இவ இருக்கோணுமல்லங்க," என்றாள் மனைவி.

பள்ளியில் பெயரைக் கேட்டபோது மனைவியே முந்திக்கொண்டு அந்த அம்மாள் பெயரைச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. தானாக இறங்கியதோ என்னவோ, பெயரை மாற்றிச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பெண் வளர்ந்து கல்யாண வயது வந்ததும் நான் பயந்தபடியே நடந்தது. பெண் பார்க்க சேலத்திலிருந்து வந்த நான்கு குடும்பங்கள் பெயரைக் கேட்டதும் காபியை வைத்துவிட்டு எழுந்தன. ஐந்தாவதாக வந்த பையனின் தாயார் மட்டும் பெயர் வந்த விவரம் முழுக்கக் கேட்டார்.

"அப்படின்னா அந்தம்மா சம்மதமும் வேணுமுங்களே. கூப்பிடுங்க."

பக்கத்து வீட்டம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வேலை, வீடு எதையும் கேட்கவில்லை.

"பையனுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்றாள்.