எந்தக் குவியலில் அளப்பது

அறுவடைக் கூலி கூடிய வருஷம், அம்மா மிச்சம் பிடித்த நெல்லை விற்றுத் தையல் மெஷின் வாங்கத் திருவாரூர் போனாள். நடவும் அறுப்பும் இல்லாத கோடை மாதங்களில் வீட்டுக்கு வருமானம் கிடையாது. அந்த மாதங்களுக்குத்தான் மெஷின்.

கடையில் பத்து சதவீதத் தள்ளுபடி, அன்றோடு கடைசி. விலை முந்நூறு, விற்பனை வரி பத்து சதவீதம். முதல் நாளே கணக்குப் போட்டுச் சொன்னவள் நான். “பத்து போயி பத்து வருதும்மா. முந்நூறேதான்.” பத்தாம் வகுப்பில் கணக்கில் எண்பத்தேழு வாங்கியிருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. முந்நூறு ரூபாயும், இருவருக்குமான பஸ் காசும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கடைக்காரரும் முந்நூறு என்றே பில் எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவர் சொன்னார்: “பஸ் மேல ஏத்த லக்கேஜ் மூணு ரூபா கேப்பாங்க. இருக்குல்லம்மா?”

இல்லை. மெஷினை விட்டுவிட்டுப் போனால் மறுபடி வர ஒரு நாள் கூலி போகும். அம்மா பில்லை எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பில்லை என்னிடம் நீட்டி, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள். விலை முந்நூறு. தள்ளுபடி முப்பது. வரி முப்பது.

“வரிய எந்தக் குவியல்ல அளந்தீங்க?” என்றாள்.

“குவியலா?”

“பெரிய குவியலா, முப்பது எடுத்த பெறவு இருக்குற சின்னக் குவியலா?”

அந்த வருஷத் தகராறே அதுதான். கோயிலுக்கும் காவலுக்கும் நெல்லை எடுத்துவிட்டு, மிஞ்சியதில்தான் கூலி அளப்பேன் என்றார் மிராசுதார். மொத்தக் குவியலில் அளக்க வேண்டும் என்று பதினோரு நாள் ஒருவரும் அரிவாளைத் தொடவில்லை. அம்மாவும் அந்தக் களத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“வரி என் பைக்கா போவுது? கவர்மெண்டுக்கும்மா.”

“நான் குடுக்குற காசுக்குத்தானே வரி? நீங்க விட்டுக்குடுத்த முப்பதுக்கும் நான் ஏன் கட்டணும்?”

கடைக்காரர் பென்சிலை எடுத்தார். இருநூற்று எழுபதில் பத்து சதவீதம் இருபத்தேழு. பில்லைக் கிழித்துவிட்டு இருநூற்றுத் தொண்ணூற்றேழுக்குப் புதிதாக எழுதினார். “களத்துமேட்டு ஆளுன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்” என்று சிரித்தார்.

“அங்க பெரிய குவியல்னு சண்ட போட்டோம். இங்க சின்னது போதுங்க” என்றாள் அம்மா.

மூன்று ரூபாய் மிஞ்சியது. மெஷின் பஸ் கூரைக்கு ஏறியது. கண்டக்டர் இரண்டு ரூபாய்தான் வாங்கினார். பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. அம்மா இறங்கிப் போய், மீதி ஒரு ரூபாயில் வெள்ளை நூல்கண்டும் வறுத்த கடலையும் வாங்கி வந்தாள்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன்.

“எண்பத்தேழு,” என்று கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். “மிச்சம் பதிமூணு எங்கடி போச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

ஊர் வரும்வரை கூரையில் மெஷினைக் கட்டிய கயிறு தளர்ந்துவிட்டதா என்று இரண்டு நிறுத்தங்களில் எட்டிப் பார்த்தாள். கடலை நன்றாக வறுபட்டிருந்தது.