அப்பா தலையில் தம்பி போட்ட ரோடு

அம்மாவின் போனில், போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். மாட்டினால் தொலைந்தேன்.

என் தம்பிக்கு ஆட்டிசம். முடிவெட்டும் மெஷின் சத்தம் கேட்டாலே சுவரில் தலையை மோதிக்கொள்வான். போன மாதம் திருவானைக்காவல் சலூனில் நெற்றியே வீங்கிவிட்டது.

அதனால் இன்று அப்பா வீட்டிலேயே மெஷினை எடுத்ததும், நான் பயத்தில் ஒரு தலையணையைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா மெஷினைத் தம்பி கையில் கொடுத்தார்.

"நீயே ஆன் பண்ணு ராஜா. அப்பாவுக்கு வெட்டி விடு."

தம்பி ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆன் செய்தான். அப்பாவின் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பு.

"ஐயோ, என்னங்க இது?" என்றாள் அம்மா.

"சும்மா இரு. சூப்பரா வெட்டுறான்" என்றார் அப்பா, அசையாமல்.

பாதி முடி போனபோது தம்பி காதிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெஷினை அப்பாவிடம் நீட்டிவிட்டு, குனிந்து தன் தலையைக் காட்டினான்.

அப்பா மெதுவாக வெட்டினார். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சூப்பரா வெட்டுறான், சூப்பரா வெட்டுறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இப்போது அப்பா முழு மொட்டை. நாளைக்கு ஆபீஸில் எல்லோரும், "சமயபுரமா சார்? என்ன வேண்டுதல்?" என்று கேட்பார்கள்.

அப்பா என்ன பதில் சொல்லலாம்?