விரிசல் கண்ணாடி அரிக்கேன்

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கதை கட்டிப் பேர் வாங்கும் ஆசையெல்லாம் போய்விட்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1942 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, மாலை 6.40. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வடக்கு குயின்ஸ்லாந்தில் ஆற்றோரம் எங்கள் கரும்புத் தோட்டம். நாங்கள் இத்தாலிக்காரர்கள். போரில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் ஒரே நாளில் ஊருக்கு எதிரியாகிவிட்டோம். ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார்கள், துப்பாக்கியையும். இருட்டினால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை.

மார்ச் மாதம் ஒரு மழை நாள் சாயங்காலம், எங்கள் குதிரை ஓடைச் சேற்றில் சிக்கிக்கொண்டது. அப்பா இடுப்பளவு சேற்றில் இறங்கினார்.

"இனேஸ், விளக்கைத் தூக்கி ஆட்டுடி! கரை எங்கன்னே தெரியல!"

ஆட்டினேன். பழைய அரிக்கேன் விளக்கு. கண்ணாடியில் விரிசல், அதன்மேல் அப்பா ஒட்டிய காகிதம். ஆட்டினால் கைப்பிடி க்ரீச்... க்ரீச் என்று கத்தும். அம்மா வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போலீஸ் வந்தது. எதிரி விமானத்துக்கு யாரோ சைகை காட்டினார்களாம். "யார் ஆட்டினது? நீயா, உன் மகனா?" என்று அப்பாவைக் கேட்டார்கள். என் அண்ணன் ஆல்டோவுக்குப் பத்தொன்பது வயது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. "குதிரையைத் தூக்கினோம், அவ்வளவுதான்" என்றார் அப்பா. விளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து வந்து அப்பாவைக் கொண்டுபோனார்கள். எங்கோ தெற்கே முகாமாம்.

"பக்கத்து வீட்டு டஃபியம்மாதான் போட்டுக் கொடுத்திருக்கா" என்றாள் அம்மா. "சிரிச்சுச் சிரிச்சுப் பேசி முதுகுல குத்திட்டா."

அன்றிலிருந்து டஃபியம்மா வாசலில் பால் வைத்துவிட்டுப் போனால், அவர் பார்க்கவே கீழே கொட்டுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடிகாரம் எனக்கு நேர் எதிரே. 6.40.

க்ரீச்...

ஆல்டோவின் கரண்டி பாதியில் நின்றது.

க்ரீச்... க்ரீச்...

நாய் குரைக்கவில்லை. வாலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அது அப்பாவுக்கு மட்டும் அப்படித் தட்டும்.

திரையை ஒரு விரல் விலக்கினேன். கரும்புக்கு நடுவே ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. கண்ணாடியில் விரிசல். அதன்மேல் காகிதம்.

அந்த விளக்கு போலீஸ் நிலையத்தில் அல்லவா இருக்கிறது?

விளக்கைப் பிடித்திருந்தது அப்பா. கருஞ்சிவப்பில் ஒரு கோட்டு. அவரிடம் அப்படியொரு கோட்டே கிடையாது. தோளெல்லாம் வெள்ளையாக உறைபனி. எங்கள் ஊரில் உறைபனியை யாருமே பார்த்ததில்லை.

படியேறினார். பலகை கிறீச்சிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"அப்பா... நான் எதுவும் சொல்லல. சத்தியமா நான் இல்ல." ஆல்டோ அழுதான்.

அவனை அவர் பார்க்கவில்லை.

என்னையும் பார்க்கவில்லை.

விளக்கை மெல்ல உயர்த்தினார்... அம்மாவின் முகத்துக்கு நேராக.

அம்மா அசையவில்லை.

"இனேஸ். திரையை மூடு. வெளிச்சம் தெரியுது" என்றாள்.

மூடினேன்.

சத்தம் நின்றது. 6.43.

திங்கட்கிழமை தந்தி வந்தது. அப்பா முகாமில் நிமோனியாவில் இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை. போர் முடிந்து அதே முகாமிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னார்: "அங்க எங்க எல்லாருக்கும் ஒரே சிவப்புச் சாயம் போட்ட கோட்டுதான். ஆகஸ்ட் குளிருல விடியக்காலைல பார்த்தா தரையெல்லாம் உறைபனி."

அம்மா ஒரு தடவைகூட அந்த மாலையைப் பற்றிப் பேசியதில்லை. அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, அரசாங்கம் பழைய கோப்புகளைப் பார்க்க அனுமதித்தது. டஃபியம்மாவின் துரோகத்தை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றே போனேன்.

ஒரே ஒரு தாள். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஜாம் பாட்டில்களில் எல்லாம் அதே சாய்ந்த எழுத்து.

'விளக்கை ஆட்டியது என் கணவர்தான். மகனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள்.'

அம்மா.

ஆட்டியது நான் என்று அவளுக்குத் தெரியும். மகனைக் காப்பாற்றப் புருஷனைக் கொடுத்தாள். பழியை டஃபியம்மா தலையில் போட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் என்னை ஒரு நல்ல மனுஷியை வெறுக்க வைத்தாள். பெற்றவளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோப்பின் மேலே முத்திரை குத்தியிருந்தது. 'ரகசியம். கைதிக்குக் காட்டப்படவில்லை.'

காட்டவே இல்லை. பிறகு விளக்கை யார் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு யார் சொன்னது?

அவர் அவ்வளவு தூரம் வந்தார். அவர் முகத்தில் திரையை மூடியது என் கை.