யப்பான் சண்டை

என் தங்கச்சியின் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தங்கச்சி போய்ப் பல வருடங்களாகியும் அந்த முறை மாறவில்லை. அவர் தண்ணீரூற்று என்ற ஊரில் தன் தமக்கையோடு இருக்கிறார். முள்ளந்தண்டில் பட்ட காயத்தால் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. நான் நாயாற்றுக் களப்பில் இறால் பிடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போவேன்.

போனாலும் எனக்குக் கதை வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. மச்சானிடம் பேச முடியாமல் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. கடைசிச் சண்டையில் சனம் முழுக்கக் கடலோரத்துக்கு நெருக்கப்பட்டபோது, பதுங்கியிருந்த பங்கரை விட்டு வெளிக்கிட வேண்டாம், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று அவர் சொன்னார். வெளிக்கிடுவோம் என்று சொன்னவன் நான். தங்கச்சி என் பேச்சைக் கேட்டாள். வழியில் விழுந்த ஷெல்லில் அவள் அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். மச்சானுக்கு முதுகில் காயம். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அவருக்கு என்னில் கோபம் இருக்கிறதா, இல்லையா? எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். கேட்க வாய் வரவில்லை.

அதனால் அந்த விளையாட்டு வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. கனடாவில் இருக்கிற மச்சானின் ஒன்றுவிட்ட தம்பி, தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன ஒரு சின்ன வீடியோ விளையாட்டுக் கருவியை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தான். கைக்குள் அடங்கும். அதில் செருகுகிற தட்டுகள் ஐந்தாறு. எல்லாம் யப்பான்காரர் செய்த ஒரே சண்டை விளையாட்டின் வெவ்வேறு பாகங்களாம். முதல் பாகம் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வந்துவிட்டதாம். நாங்கள் அப்போது வேறு சத்தங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பழைய தட்டில் முழுக்க யப்பான் எழுத்து. எதை அழுத்தினால் எது நடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே மச்சான் அதைப் பழகினார். எங்கள் வாயில் அதற்கு யப்பான் சண்டை என்று பெயர் வந்தது.

அவசரமான விளையாட்டு இல்லை. கட்டம் கட்டமாக நிலம் இருக்கும். புல், தெரு, வீடுகள் உள்ள ஊர், ஓரத்தில் கடல். சிவப்புப் படை அவர், நீலப் படை நான். ஒருவர் தன் ஆட்களையும் டாங்கிகளையும் நகர்த்தி முடித்த பிறகுதான் கருவியை மற்றவரிடம் கொடுக்கவேண்டும். அதுவரை மற்றவர் சும்மா இருக்கலாம். பேசாமல் பக்கத்தில் இருப்பதற்கு அது ஒரு சாட்டு.

ஊர்களை டாங்கியால் பிடிக்க முடியாது. நடந்து போகிற சிப்பாய்தான் வீட்டின் மேல் ஏறி நிற்கவேண்டும். இரண்டு தரம் முறை வந்துபோனால் வீடு நிறம் மாறிவிடும்.

முதல் நாளே நான் கேட்டேன், "மச்சான், உந்த வீடுகளில சனம் இல்லையோ?"

"சனத்தை வைச்சா விளையாட ஏலாதெல்லோ," என்றார் மச்சான்.

அவரின் தமக்கை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "இஞ்ச நடந்த சண்டை காணாதெண்டு யப்பானில இருந்தும் இறக்கியாச்சு. ரெண்டு கிழடுகளுக்கும் வேற வேலை இல்லை."

நான் ஒருநாளும் வென்றதில்லை. ஒவ்வொரு சிப்பாய்க் கூட்டத்துக்கும் பத்து என்று ஓர் இலக்கம் போட்டிருக்கும். அடி விழ விழ அது எட்டாகும், ஐந்தாகும். ஐந்தைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்காது. வண்டியில் ஏற்றிப் பின்னால் இருக்கிற ஊருக்கு அனுப்பிவிடுவேன். அங்கேயும் அவருடைய டாங்கி வந்தால் அதற்கும் பின்னால்.

"சண்டை பிடியுங்கோ மச்சான். ஓடினா ஆரும் வெற்றிக் கிண்ணம் தரமாட்டினம்."

"ஆக்கள் குறையினமெல்லோ."

"அது ஆக்கள் இல்லை, இலக்கம்."

இலக்கம்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கை பின்னுக்குத்தான் போகும்.

ஒரு ஞாயிறு மச்சான் விளையாட்டில் புதிய நிலம் ஒன்றை எடுத்தார். நீளமான, ஒடுங்கிய நிலம். வலது பக்கம் முழுக்கக் கடல். வழக்கம்போல் நான் ஊர் ஊராகப் பின்னுக்கு வந்தேன். எத்தனை முறை மாறியதோ தெரியாது, என் படை முழுவதும் கடலோரத்து மூலையொன்றில் வந்து நின்றது. சிப்பாய்கள், வண்டிகள், வெறும் வண்டிகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. இனி நகர்த்த ஒரு கட்டமும் இல்லை. நான் கருவியை அவரிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கினார். ஆனால் எதையும் அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

தமக்கை தேத்தண்ணி கொண்டுவந்தா. குனிந்து பார்த்து, "உதென்ன, எல்லாரும் ஒரு மூலையில நெரிபட்டு நிக்கினம்?" என்று சிரித்தா. பிறகு இன்னொரு தரம் பார்த்தா. சிரிப்பை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

"அண்டைக்கும் உப்பிடித்தான்," என்றார் மச்சான். "ஓரிடத்தில நிக்க விடேல்லை நீங்கள்."

நான் எழும்பினேன். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. போட்டு வாறன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. பூசை முடிந்து களப்புக் கரையில் போய் இருந்தேன். வலையில் பழுது பார்க்க ஒன்றும் இல்லாதபோதும் வலையை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது கோபமா, சும்மா சொன்ன சொல்லா என்று திருப்பித் திருப்பி யோசித்தேன். இனி அந்த வீட்டுக்குப் போவதானால் கேட்காமல் போகமுடியாது. கேட்டு அவர் ஓம், கோபம்தான் என்றால் பிறகு போகவே முடியாது. இரண்டு பக்கமும் எனக்குப் பயமாக இருந்தது.

தமக்கைதான் போன் எடுத்துக் கூப்பிட்டா. "அவன் சாப்பிடுறான் இல்லை எண்டு நான் பொய் சொல்லமாட்டன். நல்லாத்தான் சாப்பிடுறான். ஆனா வாசலைப் பாத்துக்கொண்டு சாப்பிடுறான். வாருமன்."

மூன்றாவது ஞாயிறு கொஞ்சம் இறாலோடு போனேன். மச்சான் சக்கர நாற்காலியில் இருந்தார். கருவி மடியில் அணைந்து கிடந்தது.

"புதுப் பாகத்தைப் போடட்டோ?" என்று கேட்டார், ஒன்றும் நடக்காததுபோல.

"ஒண்டு கேக்கவேணும்," என்றேன். "உமக்கு என்னில கோவமோ?"

அவர் சாரத்தின் நுனியால் கருவியின் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஓம்," என்றார்.

அங்கேயே நின்றிருந்தால் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"நிண்டிருந்தாலும் செத்திருப்பம். அந்தப் பங்கருக்கு அடுத்த நாள் என்ன நடந்ததெண்டு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் கோவந்தான். ஆரிலயாவது கோவிக்க வேணுமெல்லோ மச்சான். உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம், கோவிக்க?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. குசினியில் தமக்கை தண்ணீரைத் திறந்துவிட்டு இறால் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவ்வளவு நேரம் கழுவ அதில் இறால் இல்லை.

ஓம் என்று அவர் சொன்னால் எழும்பி ஓடிவிடுவேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஓடவில்லை. கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். அவருடைய கோபம் தீரவில்லை. சில நாட்கள் அவர் ஆடுகிற விதத்திலேயே அது தெரியும். நான் தோற்றுப்போன பிறகும் விடமாட்டார், என் நீலச் சிப்பாய்களைத் தேடித் தேடி அடிப்பார். அப்படியான நாட்களில் நான் நேரத்தோடு வெளிக்கிடுவதில்லை. கடைசி ஆளையும் அவர் அடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கிறேன்.